திராட்சைக் குலையில் ஒரு பகை

அமெரிக்காவில் திராட்சை மதுவுக்குப் பிரசித்தி பெற்ற கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில், ஐரோப்பியத் தோட்டங்களை நெடுங்காலமாக வருத்திவந்த 'லோபீசியா போட்ரானா' என்னும் அந்துப்பூச்சி புகுந்துவிட்டது என்பது 2009ஆம் ஆண்டில் ருசுவாயிற்று. அதற்கு முன்னர் அத்தேசத்தில் அது தென்பட்டதில்லை.

கால் அங்குல நீளமே உள்ள இப்பூச்சியினால் நேரடியாக யாதொரு சேதமும் இல்லை. நாசம் விளைப்பது அதன் புழுவே. வசந்தத்தில் பிறக்கும் முதல் தலைமுறைப் புழுக்கள் பூங்கொத்தை நூலால் பின்னி அதற்குள்ளிருந்து மொக்குகளைத் தின்னும். அடுத்த தலைமுறை பச்சைக் காய்களைத் துளைக்கும். மூன்றாவது தலைமுறையோ பழுக்கும் கனியில் துவாரமிட, கசியும் சாற்றிலே பூஞ்சணம் விருத்தியாகி, புழு தீண்டாத பழங்களையும் சேர்த்துக் குலை முழுவதையும் அழுகச் செய்யும். குளிர்காலம் வந்ததும், கொடியின் பட்டைக்கடியில் பட்டுக்கூடு கட்டிக் கூட்டுப்புழுவாக அது உறங்கிவிடும்.

இது தூரதேசம் பறக்கவல்ல பூச்சியன்று. பிறந்த தோட்டத்தையும் அதன் அண்டையையும் விட்டு அகலுவது அபூர்வம். அப்படியிருந்தும், 2008இல் சிலி நாட்டிலும் 2010இல் அர்ஜென்டினாவிலும் அது காணப்பட்டதென்றால், அறுவடைப் பெட்டியிலும் இயந்திரத்திலும் பழத்திலும் ஏற்றி அதற்கு வாகனமாக அமையக்கூடியவன் மனிதனே என்பதை நாம் உணரவேண்டும்.

நாபாவில் கையாண்ட உபாயங்களுள் விசேஷமானது, பெண் பூச்சி வெளியிடும் வாசனையைச் செயற்கையாகத் தயாரித்துத் தோட்டமெங்கும் கமழவிட்டதாகும். திருவிழாக் கூட்டத்தில் எட்டுத் திக்கிலிருந்தும் தன் பெயர் கேட்டுத் திகைப்பவனைப் போல, ஆண் பூச்சி ஜோடியைக் கண்டறிய இயலாமல் அலைய, சந்ததி குன்றிற்று. அத்துடன், புழுக்களைக் கொல்லும் மருந்துகளை உரிய தருணத்தில் தெளித்தும், பழம் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தும், வீட்டுக் கொல்லையிலுள்ள கொடிகளைக்கூட விடாமல் கவனித்தும் வந்தார்கள். இவற்றின் பயனாக, 2010ஆம் ஆண்டில் இனக்கவர்ச்சிப் பொறிகளில் ஒரு லட்சத்துக்கு மேல் சிக்கிய ஆண் பூச்சிகள் 2014இல் ஒன்றாகக் குறைந்தன. 2016 ஆகஸ்டில் அப்பூச்சி ஒழிந்ததென அரசாங்கம் பிரகடனம் செய்தது.

ஒரு தோட்டக்காரர் மட்டும் எவ்வளவு சிரமப்பட்டிருந்தாலும், வேலிக்கு அப்பால் ஒரு கொடி கவனிப்பாரற்றுக் கிடந்திருந்தால், இந்த ஜெயம் சித்தித்திராது. பயிரைக் காப்பது தனிமனித காரியமன்று, ஊர்க் காரியம் என்பதே இதிலிருந்து பயிரிடுவோர் யாவரும் கொள்ளத்தக்க பாடம்.