பல்லுக்குள்ளே – 9: வலி நின்ற பல்

பல்வலிக்குப் புகை பிடிக்கும் வைத்தியம் நம் கிராமங்களிலிருந்து இன்னும் முழுதாக மறையவில்லை. உலர்ந்த கண்டங்கத்திரி விதையைத் தணலில் தூவி, குழல் வழியாக அந்தப் புகையைச் சொத்தைப் பல்லில் காட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளையாய்ப் பொடிப்புழு மாதிரி ஏதோ விழும். "பூச்சி விழுந்துடுச்சு, இனிமே வலிக்காது" என்பார் வைத்தியர். ஐரோப்பாவிலும் குரோசாணி ஓம விதையை வைத்து இதே வேடிக்கை நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. சூட்டில் வெடித்த விதையின் முளைக்கருவைத்தான் புழு என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். உருப்பெருக்கி வைத்துத் தேடியும் பல்லில் புழு எதுவும் அகப்படவில்லை என்று பிரான்சின் பியேர் ஃபோஷார் 1728-லேயே எழுதிவிட்டார்.

ஆனால் புகை பிடித்த பலருக்கு வலி நின்றுவிடுகிறதே? நிற்கத்தான் செய்கிறது. சிக்கலே அதில்தான்.

பல்லின் நடுவே ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் மெத்தென்ற சதை ஒன்று இருக்கிறது. சொத்தை அதைத் தொட்டதும் சதை வீங்கும். உடம்பில் மற்ற பெரும்பாலான இடங்களில் வீக்கத்துக்கு விரிய இடமுண்டு; பல்லுக்குள் நான்கு பக்கமும் கல் மாதிரிச் சுவர். அதனால்தான் அந்த உயிர்போகும் வலி. ராத்திரி படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடி இன்னும் தெறிக்கும். சில நாளில், சில வாரத்தில் அந்தச் சதை செத்துப்போகும். உணர்வதற்கு நரம்பே இல்லாதபோது வலி ஏது? கடைசியாக என்ன வைத்தியம் செய்தோமோ அதற்குப் பேர் போய்ச் சேரும். கிருமி மட்டும் காலிசெய்த வீட்டில் குடியிருந்துகொண்டு, வேர்நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கும். மாதங்கள் கழித்து ஈறில் ஒரு கொப்புளம், அல்லது ஒருநாள் காலையில் முகமே வீங்கிக் கிடக்கும்.

அப்படி வீங்கிய முகத்தோடு வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவைப் பெரம்பலூரில் ஒரு பல் மருத்துவமனையில் பார்த்தேன்.

"அதான் இப்ப வலிக்கலையே டாக்டரம்மா. புடுங்கி விட்டுருங்க. சின்ன வெங்காயம் எடுக்கிற நேரம், சும்மா சும்மா வர முடியாது."

"வேரு நல்லா இருக்குங்கம்மா. ரெண்டு மூணு தடவை வந்தீங்கன்னா பல்லைக் காப்பாத்திரலாம்."

"நரம்பு செத்த பல்லை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. உள்சதை செத்தாலும் பல் தாடையில் நிற்பது அதன் புறத்தைச் சுற்றியிருக்கும் நார்களால். அந்த நார்களுக்கு ரத்தம் எலும்பிலிருந்து வருகிறது, பல்லுக்குள்ளிருந்து அல்ல. ஆகவே உள்ளே இருப்பதைச் சுத்தம் செய்து அடைத்துவிட்டால் பல் மென்றுகொண்டிருக்கும். ரூட் கெனால் என்னும் வேர் சிகிச்சை இதுதான். வெளிக்கூட்டின் ஆயுளைப் பற்றி பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் கிடைத்த சுறாப் பற்களுக்கு ஏறத்தாழ பத்துக் கோடி வயது. அரியலூர் கள்ளமேட்டில் கிடைத்த ஒற்றைப் பல்லை வைத்துத்தான், ட்ரூடான்டிட் என்ற டைனோசர் வகை இந்தியாவிலும் வாழ்ந்தது என்று 2013-ல் அறிவித்தார்கள்.

அந்த அம்மா சம்மதித்தார். கீழ்க் கடைவாய்ப்பல், வேர் இரண்டு, அவற்றுக்குள் கால்வாய் பெரும்பாலும் மூன்று. ஊசி போட்டு மரத்ததும் மேலே சின்னத் துளை. முதலில் உள்ளே போனது ஊதாக் கைப்பிடி போட்ட 10-ம் எண் ஃபைல் என்ற சுரண்டும் ஊசி; அதன் நுனி 0.10 மில்லிமீட்டர்தான். பிறகு வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தடிமன் கூடுகிறது. ஃபைலோடு இணைத்த கருவி, வேர்நுனியை நெருங்கியதும் 'பீப்' என்கிறது. நடுநடுவே சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவுகிறார்கள். அறை முழுக்க பிளீச்சிங் பவுடர் வாசனை. கடைசியில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் குச்சிகளை வைத்து அடைப்பார்கள். மலாயாக் காட்டு மரத்தின் பால் அது. ஒரு காலத்தில் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாக இருந்தது. அதை ஒட்டவைக்கும் பசைகளில் ஒரு வகைக்குக் கிராம்பு எண்ணெயின் யூஜெனால்தான் மூலப்பொருள். பாட்டி கிராம்பைக் கடிக்கச் சொன்னது வீண்போகவில்லை.

"வேர் சிகிச்சை செய்த பல் உடம்பையே கெடுக்கும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது நூறாண்டுப் பழைய கதை. 1910-ல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் மாண்ட்ரியலில் பேசிய பேச்சிலிருந்து கிளம்பிய பயம், கணக்கில்லாத நல்ல பற்களைப் பிடுங்கவைத்தது. பின்வந்த ஆய்வுகள் அதைத் தள்ளிவிட்டன.

உண்மையில் இந்தச் சிகிச்சை தோற்பது வேறு இடங்களில். மேல் கடைவாய்ப்பல்லில் ஒளிந்திருக்கும் நான்காவது கால்வாயைத் தவறவிடுவது ஒன்று. இன்னொன்று நம் கையில் இருக்கிறது: வலி போனதும், பல்லுக்கு மேலுறையான கேப்பைப் போட வராமல் இருந்துவிடுவது. குடைந்த கடைவாய்ப்பல் ஒரு முறுக்கைக் கடித்தாலே இரண்டாகப் பிளக்கக்கூடும். அதன்பிறகு பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

கேப்போடு சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதைவிடப் பெரிய தடை, போய்வரும் நாள்களின் கூலி. 2022-ல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அரசு பல் மருத்துவக் கல்லூரி என்றால் சிதம்பரத்துக்கோ புதுக்கோட்டைக்கோ பஸ் ஏறவேண்டும். பிடுங்குவது ஒரே நாள் வேலை என்பதாலேயே இங்கே பற்கள் போகின்றன. இரண்டு மாவட்டத் தலைநகரங்களின் அரசு மருத்துவமனைகளிலும் ரூட் கெனாலும் கேப்பும் வழக்கமான சேவையாகக் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தெறித்துக்கொண்டிருந்த பல் தானாக அடங்கிவிட்டதா? அந்த வாரமே ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

(அடுத்த வாரம்: வெற்றிலை, பாக்கு, ஆறாத வாய்ப்புண்)