மூக்கி பெட்ஸை பாஸ்டன் விட்டுக்கொடுத்தது ஏன்? பேஸ்பால் வீரர் பரிமாற்றத்தைத் தீர்மானிக்கும் 'ஆடம்பர வரி'

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் போட்டியில், 2018-ஆம் ஆண்டின் உலகத் தொடர் கோப்பையை பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி வென்றது. அமெரிக்கன் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதை அந்த ஆண்டு பெற்றவர் அதே அணியின் மூக்கி பெட்ஸ். அடுத்த பதினாறு மாதங்களுக்குள், 2020 பிப்ரவரியில், 27 வயதே ஆன அவரை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு பாஸ்டன் அனுப்பிவிட்டது.

காயமோ, ஆட்டத்தில் சரிவோ இதற்குக் காரணமில்லை. பாஸ்டன் ஏழை அணியும் அல்ல. 'போட்டிச் சமநிலை வரி' என்ற பெயரில் நடைமுறையில் உள்ள, பரவலாக ஆடம்பர வரி என்று அழைக்கப்படும் விதியே இந்தப் பரிமாற்றத்தின் பின்னணியில் இருந்தது.

உச்சவரம்பு இல்லை, ஆனால் கோடு உண்டு

ஐபிஎல் 2025 ஏலத்தில் ஒவ்வொரு அணியும் 120 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட முடியாது என்ற கண்டிப்பான வரம்பு இருந்தது. மேஜர் லீக்கில் அத்தகைய தடை கிடையாது. அதைக் கொண்டுவர உரிமையாளர்கள் முயன்றதால் 1994-இல் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவ்வாண்டின் உலகத் தொடரே ரத்தானது. அதன் பிறகு எட்டப்பட்ட சமரசத்தில் உருவானதுதான் இந்த வரி. எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம். குறிப்பிட்ட கோட்டைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வரி செலுத்த வேண்டும்.

இந்தக் கோடு 2025-இல் 24.1 கோடி டாலராக இருந்தது, 2026-க்கு 24.4 கோடி டாலர். முதல் முறை தாண்டினால் 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாவது ஆண்டும் தாண்டினால் 30 சதவீதம், மூன்றாவது ஆண்டு முதல் 50 சதவீதம் என வரி உயரும். வரம்பை மிக அதிகமாகத் தாண்டும் அணிகளுக்குக் கூடுதல் வரியும் உண்டு. ஆறு கோடி டாலருக்கு மேல் தாண்டும் பகுதிக்கு அது 60 சதவீதம். அதாவது, மூன்றாவது ஆண்டாகத் தாண்டும் அணி, ஆறு கோடிக்கு அப்பால் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் 10 சென்ட் வரி கட்ட நேரிடும். அந்த நிலையில் இருக்கும் அணி, ஆண்டுக்கு 2 கோடி டாலர் ஊதியம் பெறும் வீரரைச் சேர்த்தால் உண்மைச் செலவு 4.2 கோடி டாலர்.

ஓராண்டு மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், கணக்கு மீண்டும் 20 சதவீதத்தில் இருந்தே தொடங்கும். பரிமாற்றங்களில் பெரும்பாலான கணக்குகள் இந்தச் சலுகையைச் சுற்றியே நடக்கின்றன.

பாஸ்டன் போட்ட கணக்கு

பாஸ்டன் 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் கோட்டைத் தாண்டியது. 2019-இல் அது செலுத்திய வரி சுமார் 1.34 கோடி டாலர். மூன்றாவது முறையும் தாண்டினால் அடிப்படை வரி 50 சதவீதமாகியிருக்கும். பெட்ஸின் 2020 ஊதியமோ 2.7 கோடி டாலர். அந்த ஆண்டுடன் அவரது ஒப்பந்தமும் முடிவதாக இருந்தது.

எனவே பெட்ஸுடன் பந்துவீச்சாளர் டேவிட் பிரைஸையும் பாஸ்டன் சேர்த்து அனுப்பியது. பிரைஸுக்கு மூன்று ஆண்டுகளில் தர வேண்டிய 9.6 கோடி டாலரில் பாதியைத் தானே ஏற்றது. அப்படியும் வரிக் கணக்கில் இருந்து ஓராண்டில் 4 கோடி டாலருக்கு மேல் குறைந்தது. பதிலுக்குக் கிடைத்தவர்கள் அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வோங் என்ற மூன்று இளம் வீரர்கள்.

2020-இல் பாஸ்டன் கோட்டுக்குக் கீழே இறங்கியது. தனது பிரிவில் கடைசி இடத்தையும் பிடித்தது. டாட்ஜர்ஸ் அணி பெட்ஸுடன் 12 ஆண்டுகளுக்கு 36.5 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் செய்து, அந்த ஆண்டே கோப்பையை வென்றது. பின்னர் 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. வரிக் கணக்காக மட்டும் பார்த்தால் பாஸ்டனின் முடிவில் தவறில்லை. ஆனால் ரசிகர்கள் நுழைவுச்சீட்டு வாங்குவது வரிக் கணக்கைப் பார்ப்பதற்காக அல்ல.

பணத்தைக் கொடுத்து இளம் வீரர்களை வாங்கும் வழி

பரிமாற்றத்தில் அனுப்பும் பணமும் அனுப்பும் அணியின் வரிக் கணக்கிலேயே சேரும். செல்வந்த அணி இதைத் தனக்குச் சாதகமாக்கவும் முடியும். 2023 கோடையில் நியூயார்க் மெட்ஸ், மூத்த பந்துவீச்சாளர் மேக்ஸ் ஷெர்சரை டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கு அனுப்பியபோது, அவரது மீதி ஊதியத்தில் சுமார் 3.5 கோடி டாலரைத் தானே ஏற்றது. அதற்கு ஈடாக டெக்சாஸ் தந்தது லூயிசேஞ்சல் அக்குன்யா என்ற இளம் வீரரை. அந்த ஆண்டு மெட்ஸ் செலுத்திய வரி 10 கோடி டாலரைத் தாண்டியது.

அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணி எதிர்த்திசையில் ஓடியது. ஷோஹெய் ஒதானி அணியில் இருக்கும்போதே கோப்பைக்கு முயன்று, ஜூலை இறுதியில் லூகாஸ் கியோலிட்டோ உள்ளிட்ட வீரர்களை வாங்கியது. தொடர் தோல்விகளுக்குப் பின், ஆகஸ்ட் இறுதியில் கியோலிட்டோ உட்படப் பலரைப் பிற அணிகள் எவ்வித ஈடுமின்றி எடுத்துக்கொள்ளும் 'வேவர்' பட்டியலில் வைத்தது. கிளீவ்லேண்ட் மூவரை எடுத்துக்கொண்டது. ஏஞ்சல்ஸ் மிகச் சிறிய வித்தியாசத்தில் கோட்டுக்குக் கீழே முடித்தது. லாபம் வரி மட்டுமல்ல: ஒதானி வெளியேறும்போது ஈடாகக் கிடைக்கும் புதுமுக வீரர் தேர்வு வாய்ப்பு, வரி செலுத்தும் அணிக்கு நான்காவது சுற்றுக்குப் பிறகுதான் கிடைக்கும்; செலுத்தாததால் இரண்டாவது சுற்றை ஒட்டியே கிடைத்தது.

ஒதானியின் ஒப்பந்தம் மற்றொரு நுணுக்கத்தைக் காட்டுகிறது. டாட்ஜர்ஸ் அவருக்கு 10 ஆண்டுகளுக்குத் தரும் 70 கோடி டாலரில் 68 கோடி, 2034 முதல் 2043 வரை வட்டியின்றி வழங்கப்படும். எதிர்காலப் பணத்தின் இன்றைய மதிப்பு குறைவு என்பதால், வரிக் கணக்கில் அவருக்கு ஆண்டுக்கு 7 கோடி அல்ல, சுமார் 4.6 கோடி டாலரே பதிவாகிறது. அப்படிக் குறைத்தும் 2024-இல் டாட்ஜர்ஸ் கட்டிய வரி சுமார் 10.3 கோடி டாலர்.

வரியைக் கண்டு அஞ்சாத அணிகள் இருப்பதால், கண்டிப்பான ஊதிய உச்சவரம்பு தேவை என்ற குரல் உரிமையாளர்கள் தரப்பில் மீண்டும் எழுந்துள்ளது. வீரர்கள் சங்கம் அதை எதிர்க்கிறது. தற்போதைய தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிவடைகிறது.