பழைய காருக்குக் குஷன் வேலை

பெங்களூரு டவுன் ஹால் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கிருந்து மினர்வா சர்க்கிள் வரை போகும் சாலைக்கு ஜே.சி. ரோடு என்று பெயர். மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயர் அது. அங்கே கார் சாமான் கடைகள் நிறைய உண்டு. சீட் உறை தைக்கும் குஷன் கடைகளும் உண்டு.

அப்படி ஒரு கடைக்கு ஒரு பழைய அம்பாசிடர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்தக்காரரின் அப்பா ஓட்டிய கார் அது. சீட் கிழிந்துவிட்டது. கூரைத் துணி தொங்குகிறது. கதவின் உள்அட்டை உப்பியிருக்கிறது.

"எல்லாவற்றையும் பிய்த்து எறியுங்கள், மேஸ்திரி. புதிதாகப் போட்டுவிடலாம்" என்கிறார் சொந்தக்காரர்.

"எறிந்துவிட்டால் அளவுக்கு எங்கே போவது, சார்?" என்று கேட்கிறார் மேஸ்திரி.

சரியான கேள்விதான். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் அம்பாசிடர் தயாரானது. 2014-ஆம் ஆண்டு அந்த வேலை நின்றுவிட்டது. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரும் நின்று வெகுகாலம் ஆகிறது. கம்பெனி தைத்த உறை இனி வராது. எனவே பழைய உறைதான் புதிய உறைக்கு அளவு.

முதலில் குறி போடுங்கள்

எதையும் கழற்றும் முன் எழுத வேண்டும். சாக்பீஸ், பென்சில், ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு துண்டிலும் எண் போடுங்கள். முன் சீட்டா, பின் சீட்டா? இடதா, வலதா? எந்தப் பக்கம் மேலே? இவற்றையும் எழுதுங்கள். கழற்றிய திருகுகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். அதன் மேலும் பெயர் எழுதுங்கள்.

இடது, வலது மாறிவிட்டால் என்ன ஆகும்? வெட்டிய ரெக்சின் வீண். அன்றைய உழைப்பும் வீண். வேலை நடுவில் ஒருவர் ஊருக்குப் போனாலும், நோட்டைப் பார்த்து இன்னொருவர் தொடரலாம்.

நீர் எங்கே நுழைகிறது?

புதிய துணி போடும் முன் தரையைப் பாருங்கள். விரிப்பின் அடியில் ஈரம் இருந்தால் தகடு துருப்பிடிக்கும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வெடித்திருந்தால் மழைநீர் உள்ளே வரும். டிங்கர் வேலையை முதலில் முடிக்க வேண்டும். குஷன் வேலை அதற்குப் பிறகுதான்.

கதவு அட்டை ஏன் உப்புகிறது? கதவுக் கண்ணாடி வழியாகச் சிறிது நீர் கதவுக்குள் இறங்கும். அது கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேற வேண்டும். துளை அடைத்தால் நீர் தேங்கும். கதவுக்கும் அட்டைக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் அல்லது தார் பூசிய தாள் இருக்கும். அதைக் கிழித்துவிட்டு அப்படியே அட்டையை மாட்டினால் அடுத்த மழைக்கே அட்டை நனையும். எனவே துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். புதிய தாளை ஒட்டுங்கள். பிறகு அட்டையை மாட்டுங்கள்.

உறையைப் பிரிப்பது எப்படி?

உறையை இழுத்துக் கிழிக்காதீர்கள். பிளேடால் தையல் நூலை மட்டும் அறுங்கள். பிரித்த துண்டைப் புதிய ரெக்சின் மேல் தட்டையாக விரியுங்கள். ஓரம் வரையுங்கள். தையலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து வெட்டுங்கள். பழைய துண்டு நைந்து இழுபட்டிருக்கலாம். இடது துண்டையும் வலது துண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டால் சரியான அளவு தெரியும்.

உறையின் கீழே என்ன இருக்கும்? பல பழைய சீட்டுகளில் அடியில் ஸ்பிரிங், அதன் மேல் சாக்கு, அதன் மேல் தேங்காய் நார் அல்லது பஞ்சு இருக்கும். உடைந்த ஸ்பிரிங்கை மாற்றாமல் மேலே ஸ்பாஞ்ச் போட்டு மூடக் கூடாது. சில மாதங்களில் கம்பி குத்தும். புதிய உறையும் கிழியும்.

கூரைத் துணி பல கார்களில் வளைந்த கம்பிகளில் தொங்கும். கம்பிகள் ஒரே நீளம் இல்லை. அவற்றுக்கும் எண் போட வேண்டும்.

நல்லதை மாற்ற வேண்டாம்

அழுக்கு வேறு, கிழிசல் வேறு. கிழியாத பகுதியைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும். 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத கார்களைப் பழங்கால வண்டியாகத் தனியே பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி செய்தது. பழைய நிறமும் பழைய தையலும் அப்படியே வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலை தெரிந்த கைக்கு மதிப்பு உண்டு.

உடம்பையும் பாருங்கள். பழைய பஞ்சைப் பிரிக்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள். பசையின் ஆவி தலைசுற்ற வைக்கும். அது தீயும் பிடிக்கும். கதவுகளைத் திறந்து வைத்து ஒட்டுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது.

வேலை முடிந்ததும் பழைய துண்டுகளைச் சுருட்டி எண்ணோடு கட்டி வையுங்கள். அடுத்த அம்பாசிடர் வரும்போது, அதன் சீட்டில் உறையே இல்லாமல் இருக்கலாம். அன்று அந்தக் கட்டுதான் உங்களுக்கு அளவு.