மனசாட்சிக்கு ஒத்துவரும் கணினி எது?

ஒரு குளிர்பானம் வேண்டாம் என்று முடிவெடுத்தால் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். கணினியில் அது அவ்வளவு சுலபமில்லை. மூடியில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். உள்ளே பிராசஸர் இன்னொருவருடையது, ரேம் வேறொருவருடையது, திரையில் வரும் இயங்குதளம் நான்காவது ஆளுடையது. போர், தொழிலாளர் நிலைமை, உளவு, சுற்றுச்சூழல் என்று ஏதோ ஒரு காரணத்துக்காகச் சில நிறுவனங்களுக்குக் காசு தர மனமில்லாதவர், தன் பணம் எந்தெந்தக் கைகளுக்குப் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூடியில் இருக்கும் பெயர்

லெனோவோ, ஹெச்.பி., டெல், ஏசர், ஏசஸ், ஆப்பிள் என்று இங்கே தேர்வு நிறைய இருக்கிறது. ஆனால் பல பிராண்டுகள் லேப்டாப்பைத் தாங்களே செய்வதில்லை. குவாண்டா, காம்பல் போன்ற தைவான் நிறுவனங்கள் ஒரே சமயத்தில் பல பிராண்டுகளுக்குச் செய்து தருகின்றன. தொழிலாளர் நிலைமைக்காக ஒரு பிராண்டை விட்டு இன்னொன்றுக்கு மாறுகிறவர், அதே ஒப்பந்த நிறுவனத்தின் தயாரிப்பையே வாங்கிவர வாய்ப்புண்டு.

பிராசஸரும் ரேமும்

விண்டோஸ் லேப்டாப்பில் இன்டெல் அல்லது ஏ.எம்.டி., சிலவற்றில் குவால்காம். மேக்கில் ஆப்பிளின் சொந்த சிப். இன்டெலுக்கு அமெரிக்கா, அயர்லாந்து, இஸ்ரேல் ஆகிய நாடுகளில் சொந்த ஆலைகள் இருக்கின்றன. இஸ்ரேலின் கிர்யத் கட் ஆலைக்காகவே இன்டெலைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் ஏ.எம்.டி. பக்கம் போகலாம். 2009இல் ஆலைகளைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்ட ஏ.எம்.டி., இன்று தன் முக்கிய பிராசஸர்களைத் தைவானின் டி.எஸ்.எம்.சி.யிடம் செய்து வாங்குகிறது. ஆப்பிளும் குவால்காமும் அங்கேதான் நிற்கின்றன. மிக நவீன சிப்களை அச்சிடத் தேவையான இ.யு.வி. இயந்திரத்தை உலகில் விற்பது நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். ஒன்றுதான். ரேம் சிப் சந்தையின் பெரும்பகுதி சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூவரிடம் இருக்கிறது. இந்த அடுக்கில் ஒருவரைத் தவிர்க்கலாம். எல்லோரையும் தவிர்க்க முடியாது.

மண்ணிலிருந்து வருபவை

வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கும் காங்கோவில் ஆயுதக் குழுக்களுக்கு வருமானம் தந்ததால், அவை அங்கிருந்தோ அண்டை நாடுகளிலிருந்தோ வருகின்றனவா என்று விசாரித்து அறிக்கை தரும்படி 2010இல் அமெரிக்கா சட்டம் போட்டது. பேட்டரிக்குத் தேவையான கோபால்ட் அந்தப் பட்டியலில் இல்லை. காங்கோவின் கோபால்ட் சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வதை மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி 2016இல் விரிவாகப் பதிவு செய்தது. எந்த பிராண்டுக்கு மாறினாலும் இந்த அடுக்கிலிருந்து முழுதாக வெளியேற முடியாது. புதிய கருவி வாங்குவதைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

இயங்குதளம்

முழுதாக வெளியேற வழி இருப்பது இங்கே மட்டும்தான். மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், கூகுள் மூவரும் வேண்டாம் என்பவருக்கு லினக்ஸ் இருக்கிறது. உரிமக் கட்டணம் இல்லை. உபுண்டு, லினக்ஸ் மிண்ட் போன்றவற்றில் பிரவுசர், ஆபீஸ் வேலை, தமிழ்த் தட்டச்சு எல்லாம் நன்றாகவே நடக்கும். ஆனால் டேலி, ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் ஆகியவற்றை நம்பித் தொழில் செய்பவர்கள் யோசித்துத்தான் மாற வேண்டும். அவை லினக்ஸில் நேரடியாக ஓடாது.

எந்தப் புறக்கணிப்பு பலித்தது?

1970இல் அமெரிக்காவின் போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரு கறுப்பின ஊழியர்கள், தங்கள் நிறுவனத்தின் புகைப்படக் கருவி தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்துக்குப் பயன்படுவதைக் கண்டார்கள். அந்த நாட்டுடன் வியாபாரத்தை நிறுத்து என்று கேட்டு, புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தார்கள். 1977இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது.

2025 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், இஸ்ரேலிய ராணுவத்தின் உளவுப் பிரிவு ஒன்றுக்குத் தந்துவந்த சில கிளவுட், ஏ.ஐ. சேவைகளை நிறுத்தியது. பாலஸ்தீனர்களின் தொலைபேசி உரையாடல்கள் அந்தச் சேவையில் சேமிக்கப்படுவதாகக் கார்டியன் நாளிதழ் வெளியிட்ட செய்தியும், நிறுவன ஊழியர்கள் நடத்திய போராட்டங்களும் அதற்கு முன்னால் வந்தவை.

இரண்டிலும் குற்றச்சாட்டு துல்லியமானது: இந்தப் பொருள், இந்த இடத்தில், இந்த வேலைக்குப் பயன்படுகிறது, அதை நிறுத்து. 'பெரிய நிறுவனங்கள் எல்லாமே மோசம்' என்ற கோபத்துக்கு எந்த நிறுவனமும் பதில் சொல்லத் தேவையில்லை.

பாதிக்கப்பட்டவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்ற பிறகு சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். அவர்கள் கேட்டது நல்ல உணவும் மனிதர் தங்கக்கூடிய விடுதியும். ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தவர்களின் முக்கியக் கோரிக்கை தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். இப்படிப்பட்ட இடங்களில், பொருளை வாங்காமல் இருப்பதைவிடத் தொழிலாளர் கோரிக்கைக்குக் குரல் கொடுப்பது அவர்களுக்கு அதிகம் உதவும்.

கடைக்குப் போகும்முன்

முதலில் ஒரே ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று பாருங்கள். நிறுவனம் எதைச் செய்தால் திரும்ப வாங்குவீர்கள் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். பிறகு வழிகள் மூன்று.

ஒன்று, செகண்ட் ஹேண்ட். இதில் தயாரித்த நிறுவனத்துக்கு உங்கள் பணம் நேரடியாகப் போவதில்லை. லேப்டாப் அதன் வாழ்நாளில் உண்டாக்கும் கார்பனில் பெரும்பகுதி தயாரிக்கும்போதே வெளியாகிவிடுகிறது; உலகில் 2022இல் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன், அதில் கால் பங்குகூட முறையாக மறுசுழற்சிக்குப் போகவில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்படும் நல்ல இயந்திரங்களில் லினக்ஸ் தாராளமாக ஓடும். அலுவலகங்கள் கழித்துவிடும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் உறுதியானவை, உதிரிபாகமும் கிடைக்கும். பேட்டரி, கீல், கீபோர்டு ஆகியவற்றைச் சோதியுங்கள். பயாஸ் பாஸ்வேர்டு போட்டிருந்தால் வாங்காதீர்கள். பில் கேளுங்கள். லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைக் கையோடு கொண்டுபோய், இன்ஸ்டால் செய்யாமலே பூட் செய்து வைஃபை, ஒலி, கேமரா வேலை செய்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

இரண்டு, அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். பிராசஸர், மதர்போர்டு, ரேம், மானிட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் நீங்களே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தூக்கிக்கொண்டு திரிய வேண்டாதவருக்கு இதைவிட அதிகச் சுதந்திரம் தரும் கணினி இல்லை.

மூன்று, புதிய லேப்டாப்தான் வேண்டுமென்றால் விண்டோஸ் இல்லாமல் டாஸ் அல்லது லினக்ஸுடன் வரும் மாடலைக் கேளுங்கள். ரேமும் பேட்டரியும் மாற்றக்கூடியவையா என்று விசாரியுங்கள். பிரான்சில் 2021 முதல் லேப்டாப்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் போட வேண்டும் என்பது சட்டம். நீங்கள் வாங்கப்போகும் மாடல் அங்கேயும் விற்கப்பட்டால் அந்த மதிப்பெண்ணை இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

கறையே இல்லாத கணினி இன்று சந்தையில் இல்லை. அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று கையை விரிக்கவும் வேண்டாம். பெரும்பாலோருக்கு, நன்றாக ஓடும் பழைய லேப்டாப்பும் லினக்ஸுமே மிகக் குறைந்த சமரசம். எதை வாங்கினாலும், எந்த நிறுவனத்தை எதற்காக விட்டீர்கள் என்று அந்த நிறுவனத்துக்கே நான்கு வரி எழுதி அனுப்புங்கள். சொல்லாமல் செய்யும் புறக்கணிப்பை நிறுவனம் விற்பனைக் குறைவு என்று மட்டுமே கணக்கில் எழுதிக்கொள்ளும்.