வாட்டர் கூலிங் கம்ப்யூட்டர் கட்டப் போறீங்களா? கேபினட் வாங்கும் முன் திருத்தணி வெயிலைக் கணக்கில் வையுங்கள்!

கோடையில் எந்தெந்த ஊரில் வெயில் சதமடித்தது என்று பட்டியல் வரும்போதெல்லாம் தவறாமல் இடம்பிடிக்கும் பெயர்களில் ஒன்று திருத்தணி. மே மாதத்தில் அங்கே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதுச் செய்தியே இல்லை. அதற்குப் பக்கத்து ஊர்தான் திருவாலங்காடு. நடராஜரின் ரத்தின சபைக்கும், கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கும் பேர்போன ஊர்.

இந்த வட்டாரத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் ஓர் அறை. ஏசி கிடையாது. அங்கே கேமிங்குக்கோ, வீடியோ எடிட்டிங்குக்கோ ஒரு பெரிய கம்ப்யூட்டர் கட்ட வேண்டும். "வெயில் ஊரு, அதனால வாட்டர் கூலிங் போட்டுடலாம்" என்று தோன்றுவது இயல்பு. யூடியூபில் பார்த்தால் ஆசையாகவும் இருக்கும். கண்ணாடிப் பெட்டி, உள்ளே வளைந்து ஓடும் குழாய்கள், கலர் கலராகத் தண்ணீர்.

ஆனால் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு என்று எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் யோசிப்பவர்கள், கேபினட்டை மட்டும் கடைசியில் அழகு பார்த்து வாங்குகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வாட்டர் கூலிங்கில் முதலில் முடிவு செய்ய வேண்டியதே கேபினட்தான். ஏன்?

தண்ணீர் சூட்டைப் போக்காது, சுமக்கும்

"உள்ள தண்ணி ஓடுது, அப்புறம் எப்படி சூடாகும்?" என்று கேட்பவர்கள் ஒரு லாரியை நினைத்துப் பார்க்கலாம். லாரியிலும் தண்ணீர் ஓடுகிறது. இன்ஜினிடமிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு முன்பக்க ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்று பட்டால்தான் சூடு வெளியே போகும். ரேடியேட்டர் முன்னால் ஒரு சாக்கைக் கட்டிவிட்டால் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் இன்ஜின் கொதித்துவிடும்.

கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். சிப் மேல் வாட்டர் பிளாக், தண்ணீரைத் தள்ள ஒரு பம்ப், சேமிக்க ஒரு சின்னத் தொட்டி, சூட்டை வெளியேற்ற ரேடியேட்டர், அதன்மேல் ஃபேன்கள். இவை எல்லாம் குழாயால் இணைந்த சுற்றைத்தான் 'கஸ்டம் லூப்' என்கிறார்கள்.

இந்தச் சுற்றில் ஓடும் தண்ணீர் ஒருபோதும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே போகாது. நல்ல லூப்பிலேயே முழு வேலை நடக்கும்போது அறையை விட 10 டிகிரி அதிகமாக இருக்கும். சென்னையில் ஏசி அறையில் 25 டிகிரி என்றால் தண்ணீர் 35. திருவாலங்காட்டு மாடி அறையில் 38 டிகிரி என்றால் தண்ணீர் 48. கஸ்டம் லூப்களில் அதிகம் பயன்படும் டி5 வகை பம்புகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் உச்ச வரம்பு 60 டிகிரி. வளைத்து மாட்டும் பிஇடிஜி பிளாஸ்டிக் குழாய்களுக்கும் ஏறக்குறைய அதே வரம்புதான். அதைத் தாண்டினால் குழாய் இளகி, இணைப்பிலிருந்து நழுவும் அபாயம் உண்டு.

அதாவது சென்னை ஏசி அறையில் 25 டிகிரி கூடுதல் இடம் கைவசம் இருக்கிறது. இங்கே 12 டிகிரிதான். காற்றோட்டம் இல்லாத கேபினட் வாங்கினால், ரேடியேட்டர் அறைக் காற்றுக்குப் பதிலாகப் பெட்டிக்குள் ஏற்கெனவே சூடான காற்றை இழுக்கும். அந்த 12 டிகிரியும் அங்கேயே காலி.

எத்தனை ரேடியேட்டர் வேண்டும்?

ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் அளவு ரேடியேட்டருக்கு 100 வாட் சூடு. லூப் கட்டுபவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் தோராயக் கணக்கு இது. ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 450 வாட் இழுக்கும். 2025-ல் வந்த 5090 என்றால் 575 வாட். 4090-உடன் 150 வாட் எடுக்கும் ஒரு பிராசஸரைச் சேர்த்தால் மொத்தம் 600. ஆறு ஃபேன் அளவு, அதாவது இரண்டு '360' ரேடியேட்டர்கள். நம்ம ஊர் வெயிலுக்கு இதைக் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

ஆக, கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்தக் கலர் இருக்கு?" இல்லை. "ரெண்டு 360 ஒரே நேரத்துல உட்காருமா?" என்பதுதான். 'ஒரே நேரத்தில்' என்ற வார்த்தையை விட்டுவிடக் கூடாது. முன்பக்கம் 360, மேலே 360 என்று அட்டைப்பெட்டியில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். இரண்டையும் சேர்த்து மாட்டினால் மூலையில் ஒன்றோடொன்று முட்டும் கேபினட்டுகள் உண்டு.

'360 சப்போர்ட்' என்ற வார்த்தைக்குள் இருக்கும் பொறி

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் நீளம். 360 ரேடியேட்டர் என்றால் 360 மி.மீ. நீளம் இல்லை. அது மூன்று 120 ஃபேன்களின் நீளம் மட்டும்தான். இரண்டு முனைகளிலும் தண்ணீர் நிற்கும் பகுதி இருக்கிறது. அதையும் சேர்த்தால் 390 முதல் 400 மி.மீ. வரை வரும். குழாய் மாட்டும் ஃபிட்டிங்குக்கும் இடம் வேண்டும்.

அடுத்தது தடிமன். கேபினட் கம்பெனிகள் பெரும்பாலும் மனதில் வைப்பது ரெடிமேட் கூலர்களை. அவற்றின் ரேடியேட்டர் 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., மொத்தம் 52. கஸ்டம் லூப்புக்கு விற்கும் ரேடியேட்டர்கள் 30, 45, 60 மி.மீ. தடிமன்களில் வருகின்றன. 45 மி.மீ. ரேடியேட்டரும் ஃபேனும் சேர்ந்தால் 70. கேபினட்டின் மேல்பகுதியில் 55 மி.மீ. இடம்தான் என்றால், கீழே இருக்கும் மதர்போர்டின் ஹீட்சிங்க்கிலோ, விளக்கு வைத்த உயரமான ரேம் மீதோ ஃபேன் முட்டும். அப்புறம் ரேமை மாற்றணும், இல்லை ரேடியேட்டரை மாற்றணும். ஏற்கெனவே 18 சதவீத ஜிஎஸ்டி கட்டி வாங்கிய பொருள்.

முன்பக்கத்திலும் இதே தலைவலி. "400 மி.மீ. வரை கிராபிக்ஸ் கார்டு போடலாம்" என்று எழுதியிருப்பது, பெரும்பாலும் முன்னால் ரேடியேட்டர் இல்லாதபோது கிடைக்கும் இடம். 45 மி.மீ. ரேடியேட்டரும் ஃபேனும் 70-ஐ எடுத்துக்கொண்டால் மிச்சம் 330. கார்டின் நீளம் 340 என்றால்? முடிந்தது கதை. வாட்டர் பிளாக் மாட்டினால் கார்டின் பருமன் குறையும் என்பது உண்மை. ஆனால் குழாய் நுழையும் பகுதி கண்ணாடிப் பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கேபினட் ஒல்லியாக இருந்தால் கதவு மூடாது.

எனவே கேபினட் கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் அளவு வரைபடத்தை எடுத்து, பேப்பரில் ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுவது நல்லது. அரை மணி நேர வேலைதான்.

மீன்தொட்டியா, வலையா?

இப்போது கடைகளில் கண்ணைப் பறிப்பவை 'மீன்தொட்டி' கேபினட்டுகள். முன்பக்கமும் பக்கவாட்டும் முழுக் கண்ணாடி. இந்த அலையைப் பெரிதாக்கியதில் தைவானின் லியான் லி நிறுவனம் 2018-ல் கொண்டுவந்த 'ஓ11 டைனமிக்' கேபினட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மேலே, கீழே, பக்கவாட்டில் என மூன்று 360 ரேடியேட்டர்களுக்கு அதில் இடம் இருந்ததால்தான் லூப் கட்டுபவர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். பின்னாலேயே வந்த பல மலிவு நகல்களில் கண்ணாடி மட்டும் இருக்கிறது, ரேடியேட்டர் இடம் இல்லை. பார்த்தால் அண்ணன் தம்பி போலத் தெரியும். உள்ளே அளந்தால்தான் வித்தியாசம் புரியும்.

முன்பக்கம் கண்ணாடி என்றால் காற்று கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும்தான் வர வேண்டும். கேபினட்டைத் தரையில் வைத்தால் வீட்டுத் தூசி மொத்தமும் உள்ளே போகும். திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகள் நிறைய. கும்மிடிப்பூண்டி பக்கம் இரும்பு ஆலைகள். நெல், கரும்பு வயல்களுக்கும் குறைவில்லை. தூசிக்குப் பஞ்சமே கிடையாது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்துக்கொண்டால், லாரி உதாரணத்தில் சொன்ன சாக்கு அதுதான்.

அப்படியென்றால் முன்பக்கம் வலை வைத்த கேபினட் போதுமா? அதையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. காற்றோட்டத்துக்குப் பேர்போனது ஃப்ராக்டல் டிசைன் நிறுவனத்தின் 'டோரன்ட்'. முன்னால் இரண்டு 180 மி.மீ. ஃபேன்கள். ஆனால் அதில் பவர் சப்ளை மேலே உட்காருவதால் மேல்பக்கம் ரேடியேட்டருக்கு இடமே இல்லை. சாதாரண ஏர் கூலருக்கு அது ராஜா. மேலே ரேடியேட்டர் வைக்கும் லூப்புக்குத் தோதுப்படாது.

இந்த வட்டாரத்துக்குப் பொருந்துவது முன்பக்கம் வலை, மேல்பக்கம் திறப்பு, இரண்டு இடத்திலும் ரேடியேட்டர், வெளியிலிருந்தே உருவிக் கழுவும் வசதியுள்ள ஃபில்டர். முன்பக்க ரேடியேட்டர் அறைக் காற்றை உள்ளே இழுக்க, மேலே இருப்பது சூட்டை வெளியே தள்ளும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவ வேண்டியிருக்கும். கேபினட்டைப் பிரித்துத்தான் ஃபில்டரை எடுக்க முடியும் என்றால் யாரும் கழுவப் போவதில்லை. இன்னொன்று, ஃபில்டர் இல்லாத திறப்புகள் வழியாகப் பல்லியும் எறும்பும் குடிபுகும். கிராமத்து வீடுகளில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாத விஷயமா என்ன!

கசிந்தால் என்ன ஆகும்?

கசிவு பயம் வீண் பயம் இல்லை. ஆப்பிள் 2004-ல் விற்ற பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டரின் வேகமான மாடலில் திரவக் கூலிங் இருந்தது. தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த அவற்றில் பல, சில ஆண்டுகளில் கசிந்து உள்ளே அரித்துவிட்டன. வீட்டில் கட்டும் லூப்புக்குக் கூடுதல் கவனம் தேவை.

கேபினட்டில் பார்க்க வேண்டியது, தண்ணீரை வடிக்க அடியில் ஒரு வால்வு வைக்க இடம் இருக்கிறதா, மேலே ஊற்ற வழி இருக்கிறதா என்பதுதான். ஆண்டுக்கு ஒருமுறையாவது தண்ணீர் மாற்ற வேண்டும். வால்வு இல்லாவிட்டால் முழு கேபினட்டையும் குப்புறக் கவிழ்க்கணும். பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, மற்ற பாகங்களுக்குக் கொடுக்காமல் 24 மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பதும் அவசியம். போர்வெல் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் எதுவும் வேண்டாம். எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. காய்ச்சி வடித்த நீருடன் பாசி, அரிப்பைத் தடுக்கும் மருந்து, அல்லது லூப்புக்கென்றே விற்கும் திரவம். செம்பு பிளாக்குடன் அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் அலுமினியம் அரித்துப்போகும். விலை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள்.

இதெல்லாம் தேவையா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. பம்ப், பிளாக், ஃபிட்டிங் என்று வரிசையாக வாங்கினால் லூப் செலவே ஒரு நடுத்தர கம்ப்யூட்டர் விலையைத் தொட்டுவிடும். 600 வாட் சூடு எந்த கூலர் போட்டாலும் கடைசியில் அதே அறைக்குள்தான் வந்து சேரும். ஒரு டன் ஏசியின் குளிரூட்டும் திறன் சுமார் 3,500 வாட். அதில் ஆறில் ஒரு பங்கை இந்தக் கம்ப்யூட்டரே தின்றுவிடும். பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இடம் கொடுக்கும் என்றால், நல்ல ஏர் கூலரும் வலை கேபினட்டும் வாங்கிவிட்டு மீதிப் பணத்தை ஏசிக்குப் போடுவதே புத்திசாலித்தனம். கஸ்டம் லூப் என்பது ஆசை. ஆசைக்குச் செலவு செய்வதில் தப்பில்லை, கணக்கு தெரிந்து செய்ய வேண்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து எப்படிக் கொண்டுவருவது?

திருவாலங்காடு சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. அரக்கோணம் மின்சார ரயிலில் சென்ட்ரல் பக்கம் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் கிட்டத்தில்தான். போவது சுலபம். திரும்பும்போது எடையைப் பார்க்க வேண்டும். கோர்சேரின் '1000டி' போன்ற ராட்சத கேபினட் காலியாகவே 29.5 கிலோ. மாலை நேர லோக்கலில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவதை நினைத்துப் பாருங்கள். கடையிலேயே லூப் கட்டி, தண்ணீர் நிரப்பி எடுத்து வருவதும் வேண்டாம். குலுங்கலில் இணைப்பு தளரலாம். பாகங்களைப் பெட்டியோடு கொண்டுவந்து வீட்டில் நிரப்புவதுதான் பாதுகாப்பு.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக் கதவைக் கழற்றி டைல்ஸ் தரையில் சாய்த்து வைக்காதீர்கள். டெம்பர்டு கண்ணாடியின் நடுப்பகுதி பலமானது, ஓரம் பலவீனம். ஓரத்தில் டைல்ஸ் லேசாக இடித்தாலே மொத்தக் கண்ணாடியும் நொடியில் பொடிப்பொடியாகிவிடும். ஒரு பாயை விரித்து, அல்லது கட்டில் மெத்தை மேல் படுக்க வையுங்கள்.