காசிக் கேதார கட்டமும் தமிழர் யாத்திரை மரபும்

தமிழரிற் சில சமூகத்தார் இன்றும் திருமணத்தில் நடத்தும் 'காசி யாத்திரை' என்னும் சடங்கில், மணமகன் குடையும் தடியும் ஏந்திக் காசிக்குப் புறப்படுவான். பெண்ணின் தந்தை வழிமறித்து, மகளைத் தருவதாகச் சொல்லித் திருப்பி அழைத்து வருவார். காசிக்குப் போனவன் இல்லறத்துக்கு மீளான் என்னும் எண்ணமே இச்சடங்கின் அடிப்படை. ஆயினும் போனவர் பலர் மீண்டனர். சிலர் அங்கேயே மடமும் சத்திரமும் வீடும் அமைத்துக்கொண்டனர். ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மொழி அறியாத ஊரில் இஃது எவ்வாறு இயன்றது? விடை தேடுவோர் விசுவநாதர் கோயிலோடு நின்றுவிடாமல், ஆற்றோரமாகத் தெற்கே கேதார கட்டம் வரை செல்லுதல் வேண்டும்.

நகரின் அமைப்பை முதலில் அறிதல் நலம். தென்கிழக்காக ஓடிவரும் கங்கை காசியில் வடக்கு நோக்கித் திரும்புகிறது. அவ்வளைவின் மேற்குக் கரை உயர்ந்த மேடு. கிழக்குக் கரையோ வெள்ளத்தில் மூழ்கும் மணல்வெளி. ஆகவே நகரம் ஒரு கரையில் மட்டுமே எழுந்தது. நீராடுவோர் உதய சூரியனை எதிர்நோக்கி நிற்கின்றனர். அசி, வரணை என்னும் சிற்றாறுகளுக்கு இடையே எண்பதுக்கு மேற்பட்ட படித்துறைகள் உள்ளன. அவற்றுள் இன்று காணும் கற்படிகள் பல பதினெட்டாம் நூற்றாண்டில் மராட்டியர் காலத்தில் எழுந்தவை. விசுவநாதர் கோயிலும் அவ்வாறே: பழைய கோயில் 1669இல் ஔரங்கசீப் ஆட்சியில் இடிக்கப்பட்டது, இப்போதுள்ளது அகல்யாபாய் ஹோல்கர் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டுவித்தது. தொன்மையான நகரம் என்பது உண்மை. தொன்மையான கட்டடங்கள் என்பது பெரும்பாலும் உண்மையன்று.

மரபு காசியை மூன்று கண்டங்களாகப் பகுக்கும். வடக்கே ஓங்கார கண்டம், நடுவே விசுவேசுவர கண்டம், தெற்கே கேதார கண்டம். காசியில் இறப்பவர் முத்தி பெறுமுன் தம் வினைப்பயனைப் பைரவர் தரும் தண்டனையாக ஒரு கணத்தில் நுகர்ந்து தீர்க்க வேண்டும் என்பது நம்பிக்கை. கேதார கண்டத்தில் இறப்பவருக்கு அத்தண்டனையும் இல்லை என்று காசி கேதார மாகாத்மியம் கூறும். முதுமையிற் காசிவாசம் மேற்கொண்ட தென்னாட்டவர் இப்பகுதியை நாடியதற்கு இந்நம்பிக்கையும் ஒரு காரணம் எனலாம்.

மற்றொரு காரணம் நிறுவனம் சார்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில், ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்து தருமபுர ஆதீனத்தில் ஞானோபதேசம் பெற்ற குமரகுருபரர் காசிக்கு வந்தார். முகலாய ஆட்சியாளரிடம் பேச மொழி வேண்டிக் கலைமகளைச் சகலகலாவல்லி மாலையாற் பாடினார் என்றும், சிங்கத்தின்மீது அமர்ந்து அவைக்குச் சென்றார் என்றும் வரலாறு வழங்குகிறது. மேடைப் பேச்சுகள் சிங்கத்தை விடுவதில்லை. ஆனால் அக்கதையில் ஆராய்ச்சியாளர் நின்று நோக்கவேண்டிய இடம் வேறு: துறவி ஒருவர் அரசனிடம் அவன் மொழியிலேயே பேசவேண்டும் என்று உணர்ந்தார், பொன் வேண்டாது நிலம் வேண்டினார். அந்நிலத்தில் எழுந்த மடமும், அதன் பொறுப்பில் வந்த கேதாரேசுவரர் கோயிலும், தமிழர் காசியில் இறங்கிக் கால் ஊன்ற இடமளித்தன. காசிக் கலம்பகம் பாடிய புலமை பெரிது. மடம் நிறுவிய நிருவாகத் திறன் அதனிற் சிறிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இம்மடத்தின் தலைமையிடம் திருப்பனந்தாளுக்கு மாறியது. காவிரிக்கரையிலிருந்து கங்கைக்கரைக் கோயில் நடத்தப்பட்டது.

வழிநடை யாத்திரையின் சுமையை அறிய, சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஏனுகுல வீராசாமியின் தெலுங்கு நூல் ஒன்றே போதும். பெரும் பரிவாரத்துடன் 1830இற் சென்னையிலிருந்து புறப்பட்ட அவர், 1831இல் திரும்பினார். ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அவர் எழுதியவை 'காசியாத்திர சரித்திர' என்னும் பெயரில் 1838இல் அச்சாயின. வசதி படைத்தவர் நிலை இது. 1887இற் காசியில் கங்கைமீது இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டபோது, யாத்திரை மாதக் கணக்கிலிருந்து நாள் கணக்குக்குச் சுருங்கிவிட்டிருந்தது. ஏழைகளும் வரத் தொடங்கினர். அவர்களுக்குத் தங்க இடமும் பழகிய உணவும் வேண்டியிருந்தன.

இவ்விடத்திற்றான் நகரத்தார் பணி விளங்கும். பர்மா, இலங்கை, மலாயா நாடுகளிற் கொடுக்கல்வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், ஈட்டியதில் ஒரு பங்கை 'மகமை' என ஒதுக்கி அறத்துக்குச் செலவிட்டனர். காசியில் அவர்கள் நிறுவிய சத்திரத்திலிருந்து விசுவநாதர் பூசைக்குரிய பொருள்கள் நாள்தோறும் 'சம்போ' என்னும் முழக்கத்துடன் தெருவழியே எடுத்துச் செல்லப்படுகின்றன. புலம்பெயர்ந்தோர் வரலாற்றை எழுதுவோர் வட்டிக்கடையை விரிவாக எழுதுகின்றனர். அக்கடையின் கணக்கேட்டில் இறைவன் பெயரிலும் ஒரு பற்றுவரவு இருந்ததை ஓரடியிற் கடந்துவிடுகின்றனர். இரங்கூனுக்கும் காசிக்கும் இடையிலான இவ்வுறவு தனி ஆய்வுக்குரியது.

கேதார கட்டத்துக்குத் தெற்கே, அரிச்சந்திர கட்டத்துச் சுடலையைக் கடந்தால் அனுமான் கட்டம். தந்தையை இழந்த சுப்பிரமணிய பாரதி 1898இல் இங்கேதான் அத்தை வீட்டுக்கு வந்து, 1902 வரை தங்கிக் கல்வி கற்றார். முதியோர் உயிர்விட வந்த ஊருக்குப் பதினைந்து வயதுச் சிறுவன் படிக்க வந்தான். தலைப்பாகையும் மீசையும் இந்தி அறிவும் பெற்று மீண்டான். அதற்கு அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தாகவேண்டும். மடமும் சத்திரமும் அளிக்க இயலாத ஒன்றைக் குடியிருப்பு அளித்தது.

வெளிநாட்டிலிருந்து செல்வோர் யாத்திரையின் முறையையும் அறிந்திருத்தல் நன்று. மரபுப்படி அது காசியில் தொடங்குவதுமில்லை, அங்கே முடிவதுமில்லை. இராமேசுவரத்துக் கடல்மணலை எடுத்துச் சென்று பிரயாகைத் திரிவேணியிற் கரைத்து, காசியும் கயையும் கண்டு, கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்தாலன்றி நிறைவுறாது. கயையில் விருப்பமான காயொன்றும் கனியொன்றும் துறப்பது வழக்கம். பாகற்காயைத் துறந்து பலன் தேடுவோர் பற்றிய நகைச்சுவை எல்லா வீட்டிலும் உண்டு.

இன்று விமானத்தில் இறங்கி இரண்டு இரவு தங்குவோர், தசாசுவமேத கட்டத்தின் மாலை ஆரத்தியையே காசியின் பழம்பெரும் வழிபாடு என்று கருதித் திரும்புகின்றனர். அப்பெருங்காட்சி இப்போதுள்ள வடிவில் சென்ற நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றியது. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட அகன்ற வளாகம், ஆற்றிலிருந்து விசுவநாதரை நேரே அடையச் செய்துள்ளது. முதியோருக்கு இது பெரும் உதவியே. ஆனால் நேரே போய் நேரே திரும்பும் வழியில் கேதார கட்டம் இல்லை. தசாசுவமேதத்திலிருந்து தெற்கே படிவழியாகவே நடக்கலாம். செந்நிறமும் வெண்ணிறமும் மாறிமாறித் தீட்டிய படிகள் தொலைவிலேயே அடையாளம் காட்டும். மழைக்காலத்திற் படிகள் நீரில் மூழ்கிவிடுமாதலால், அப்போது சந்துகளின் வழியேதான் செல்லவேண்டும்.