பெரிய ஹோலுக்கு எந்த ஹோம் தியேட்டர்?

பொகவந்தலாவையில் நான் வளர்ந்த 10க்கு 12 அடி லயக் காம்பராவுக்கு ஒரு சின்ன ரேடியோவே போதும். கொழும்பில் உழைத்துத் தம்பி இங்கே கட்டிய வீட்டின் ஹோல் 20க்கு 25 அடி. கடையில் 1000 வாட் என்றார்கள். வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சிறிய வித்தியாசம். சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பியடித்து வசனத்தைக் குழப்பும். முதலில் தடித்த திரைச்சீலை, கம்பளம் வாங்குங்கள். வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியில்தான் வரும். காசை அதில் போடுங்கள்.

சப்வூபரை மூலையில் வைத்தால் அதிர்வு பெருகும். பலருக்கு அதுதான் விருப்பம். எங்கள் சித்தி 1977 கலவரத்தில் வன்னிக்குப் போய், 2009க்குப் பிறகு திரும்பியவர். பொருத்திக் காட்ட வந்த பையன் போட்ட படத்தில் குண்டு வெடித்தது. சித்தி தரையில் குப்புறப் படுத்துவிட்டார்.

சப்வூபரை மூலையிலிருந்து நகர்த்தி, அதன் சத்தத்தைக் கால்வாசியாக்கினோம். திடீர்ச் சத்தத்தை அடக்கும் ‘நைட் மோட்’ பகலிலும் ஓடுகிறது. வாங்கும்போது இந்த இரண்டையும் தனியாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

ஆனி, ஆடி மழை தகரத்தில் கொட்டும்போது எந்தப் பெட்டியும் தோற்கும். அப்போது திரையில் எழுத்தைப் போடுகிறோம். சித்திக்கு வாசிக்கத் தெரியாது. தம்பி மகள் காதருகே சொல்கிறாள்.